டிரைவர் பக்கத்துப் பெல்ட்

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

மாமாவின் ஆசி. நானும் உன் அத்தையும் கையூன்றாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் என் மகனும் கல்யாணப் பெண்ணும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் கேட்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். நான் போனில் பேசினால் தெரு முழுக்கக் கேட்கிறது, எதிர்முனை பேசுவது எனக்கு மட்டும் கேட்பதில்லை. இது உன் அத்தை காதுக்குப் போக வேண்டாத விஷயம். உன் வீட்டுக்காரனிடமும் சொல்லாதே. அவன் வாயில் எதுவும் நிற்காது, மாலைக்குள் அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்துவிடுவான்.

செப்டம்பரில் உன் மகள் கல்யாணம் இந்த ஊரிலேயே என்று முடிவானதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. "தாத்தா, மண்டபத்துக்கு உங்க பழைய கார்லதான் வருவேன், நீங்கதான் ஓட்டணும்" என்று அந்த வாலு கேட்டபோது எதையும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். "மாப்பிள்ளைகூட மாறலாம், என் சக்களத்தி இல்லாம எதுவும் நடக்காது" என்றாள் உன் அத்தை. என் வண்டிக்கு அவள் வைத்த பெயர்தான் உனக்குத் தெரியுமே.

விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டில் டீ கொட்டிவிட்டது. மடிக்குக் குறுக்கே வரும் பகுதியில் மஞ்சளாகக் கறை, பூட்டு இருக்கும் இடுக்குவரை இறங்கியிருக்கிறது. லேசாக நாற்றமும் உண்டு. நாற்பது வருஷமாக வண்டியோடு இருக்கும் பெல்ட், வெண்ணெய் நிறம். கல்யாண உடையோடு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது.

எப்படிக் கழுவுவது என்று எழுது. பழைய கார்ப் பட்டறையில் நீ செய்யும் வேலையை "சீட் தைக்கிற வேலை" என்று நான் நாலு பேர் முன்னால் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் மகனுக்கு மட்டும் கல்யாணச் செலவை நினைத்துத் தூக்கம் இல்லை. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கையெழுத்தில் கடிதம் வந்ததும் முதலில் பயந்துபோனேன். படித்துவிட்டு அப்படிச் சிரித்தேன். பட்டறையில் டீ வேளையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆளாளுக்கு உங்கள் ரசிகர்களாகிவிட்டார்கள். பெரிய மேஸ்திரி கேட்கிறார்: "டீ எப்படிம்மா மடிப்பட்டையில மட்டும் கொட்டும்? தோள்பட்டையில ஒரு சொட்டுகூட இல்லையாமே. வண்டிக்குள்ள நாய் எதுவும் ஏறிச்சான்னு மாமனாரைக் கேளு." அதற்கு ஒரே சிரிப்பு.

இனி வேலை. பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். மறுபடி சுருண்டு உள்ளே ஓடாமல், அது வெளியே வரும் வாய்ப்பகுதியில் துணி காயப்போடும் கிளிப் இரண்டைப் போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ். நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் நூல் கிளம்பிவிடும். பிறகு சோப்பு போக ஈரத் துணியால் பல தடவை துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு உள்ளே விட்டால் பூஞ்சை பிடிக்கும். அவசரப்படாதீர்கள், அது ஒன்றுதான் இந்த வேலையின் கஷ்டம்.

டீ என்றால் இரண்டு தடவையில் போய்விடும். நாய் என்றால் மறுபடி எழுதுங்கள்!

அன்புடன்,
மருமகள்

ஏப்ரல் 30

மருமகளுக்கு,

இங்கு இருவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

என் கடிதம் உன் பட்டறைக்காரர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்ததில் சந்தோஷம்.

நீ சொன்னபடி செய்தேன். காய்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியதும் நாற்றம் திரும்ப வந்தது. உன் மேஸ்திரி சொன்னது சரிதான், பக்கத்து வீட்டு நாய் ஏறியிருக்கிறது. கதவைத் திறந்து வைத்தது என் தப்பு.

தரை கழுவும் ப்ளீச்சை அப்படியே ஊற்றித் தேய்த்தேன். ஊற்றியதும் கண் எரிந்து, தொண்டையைப் பிடித்து இருமல் வந்துவிட்டது. வெளியே வந்து வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது பெல்ட் புதுசாக, பால் வெள்ளையாக இருக்கிறது. இனி உனக்குச் சிரமம் இல்லை.

இன்னொன்று. கல்யாணத்துக்கு நல்ல ஏசி வண்டியாக வாடகைக்கு எடுத்துவிடுவதே உத்தமம். பழைய வண்டி, நடுவழியில் நின்றால் அசிங்கம். வாலுவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

மாமா

மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இருமல் நின்றுவிட்டதா? கண்ணைத் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா?

முதலில் இதைக் கேளுங்கள். அந்தப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள். கடைக்குக்கூட வேண்டாம். ப்ளீச் நூலைத் தின்றுவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், திடீரென்று பிரேக் போட்டால் காகிதம் கிழிவது மாதிரி கிழியும். கறை இருந்தபோது அது உங்களைக் காப்பாற்றியிருக்கும், வெள்ளையான பிறகு காப்பாற்றாது. இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். சிரிப்பு மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

பெல்ட்டைக் கழற்றி எனக்கு அனுப்புங்கள். அடியில் ஒரு போல்ட், கதவோரத் தூணில் ஒரு போல்ட், சீட்டுக்கும் வண்டித் தரையின் நடுமேட்டுக்கும் இடையில் பூட்டின் போல்ட். இரும்பெல்லாம் பழசே இருக்கட்டும், பட்டையை மட்டும் புதிதாக மாற்றித் தருகிறேன். கழுவாமல் அப்படியே அனுப்புங்கள். பார்சலை நான்தான் பிரிப்பேன்.

மாமா, டீயில் ப்ளீச் ஊற்றினால் அப்படிக் கண் எரியாது. எங்கள் வேலையில் எது எதோடு சேர்ந்தால் அந்தப் புகை வரும் என்று எங்களுக்குத் தெரியும். நாய் விஷயத்தையும் நான் நம்பவில்லை. அதற்கு மேல் இப்போது எழுதத் தைரியம் வரவில்லை.

வாலுவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மருமகள்

ஜூன் 12

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை, பார்சலும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அத்தை போனில் சொன்னார்கள். எனக்குத்தான் இங்கே சோறு இறங்கவில்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் கடிதத்தை நான் சும்மா வாசிக்கவில்லை. தையல் மேடை மேல் ஏறி நின்று, உங்கள் குரலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீங்கள் காது கேட்காமல் கத்துவீர்களே அப்படிக் கத்தி வாசித்தேன். மேஸ்திரி நாய் என்றபோது எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒரு மனிதர் எழுதிய கடிதம் அது. நினைத்தால் எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவது உங்கள் மகனுக்குக்கூடத் தெரியாது. வாலு பிறந்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான். பலமாகத் தும்மினால், கனமான சீட்டைத் தூக்கினால், விழுந்து விழுந்து சிரித்தால் சிறுநீரை அடக்க முடியாது. பட்டறையில் நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் மாற்றுத்துணி ஒன்று எப்போதும் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்த அன்றும் அதை எடுக்க வேண்டிவந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

பழைய கார்களின் சீட்டைப் பிரித்துப் பஞ்சைப் பார்க்கிறவள் நான். பெரிய பெரிய மனிதர்களின் வண்டி வரும். பாதிக்குப் பாதி பஞ்சில் இந்தக் கறை இருக்கும். நாங்கள் எதுவும் பேசாமல் புதுப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்போம். உங்கள் விஷயத்தில் மட்டும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.

மருமகள்

ஜூன் 28

என் கண்ணு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

நீ இவருக்கு என்ன எழுதினாய்? கடிதம் வந்த அன்றிலிருந்து அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சக்களத்திக்கு முக்காடு போட்டு மூடிவிட்டார். நேற்று ஒரு புரோக்கர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அந்த வண்டியை விற்பதைவிட என்னை விற்பது அவருக்குச் சுலபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேத்தி கல்யாணத்துக்கே வரமாட்டார் போலிருக்கிறது. "எனக்கு என்ன வேலை அங்க, நீ போ" என்கிறார்.

பெல்ட் கதையெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாரா? இந்த வீட்டில் துணி துவைக்கிறவள் யார்? போன மழைக்காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவர் தானே அலசி, பிழிந்து, என் புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவார். நானும் பார்க்காத மாதிரி மடித்து வைத்துவிடுவேன். நான் கண்டுகொள்ளாமல் இருந்தால் அவர் மானம் நிற்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் கூச்சம்தான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதைக் கேட்க நாக்கு எழவில்லை.

இப்போது நான் என்ன செய்யட்டும்?

அத்தை

ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

முழங்காலை "விடு" என்று விட முடியாது, அதற்கும் சேர்த்தே டாக்டரைப் பாருங்கள்.

நான் மாமாவுக்கு என்ன எழுதினேன் என்பதை அவரே காட்டினால் படியுங்கள். நான் அவரைக் காயப்படுத்தினேன், அதற்காகத்தான் எழுதினேன், அவ்வளவு சொல்கிறேன்.

சின்ன வாயில் பெரிய பேச்சு என்று நினைக்காதீர்கள். நீங்கள் அவருக்காகப் பார்க்காமல் இருக்கிறீர்கள், அவர் உங்களுக்காக ஒளிக்கிறார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நாள் துணி மடிக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்களேன். அதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருமகள்

ஜூலை 24

அன்பு மருமகளுக்கு,

உடம்பு சுகமில்லாமல்தான் இருந்தது, இப்போது கொஞ்சம் தேவலை. முதல்முறையாக இந்த வரியை உண்மையாக எழுதுகிறேன்.

பெல்ட்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கழுவவில்லை.

பிப்ரவரியில் பாலத்து மேல் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் வண்டி, பின்னால் வண்டி. இறங்கி ஓரமாகப் போகலாம் என்றால் பாலத்தில் ஓரம் ஏது? பக்கத்து வண்டியில் இரண்டு குழந்தைகள் என் பழைய காரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருந்தன. நானும் சிரித்துக் கையசைத்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நடந்துவிட்டது. கையை இறக்கினால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று தொடர்ந்து அசைத்துக்கொண்டே இருந்தேன். இந்த வயதில் ஒரு மனிதன் இப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது அம்மா. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இல்லை.

உன் பட்டறை சிரித்ததைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபத்தில் உன் பெயரையே எடுக்கக் கூடாது என்று இருந்தேன். நூல்கண்டுப் பெட்டியைப் பற்றி நீ எழுதியதும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். யார் கையிலும் அகப்படாது.

போன வாரம் உன் அத்தை துணி மடித்துக்கொண்டே, "இனிமே ஒளிச்சுக் காயப்போடாதீங்க. வெயில் படாம நாறுது" என்றாள். "எப்பத்துலேருந்து தெரியும்?" என்றேன். "சோப்பு சீக்கிரம் தீந்துபோச்சே, அப்பத்துலேருந்து" என்றாள். பிறகு இருவரும் டாக்டரிடம் போனோம். என் வயது ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம்தானாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். குறையும், முழுக்கப் போகாது என்றார்.

வண்டியை விற்கவில்லை. ஆனால் வாலுவை ஏற்றிக்கொண்டு ஓட்ட என்னால் ஆகாது. வேறு எது நடந்தாலும் தாங்குவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது நடந்தால் அதற்கப்புறம் நான் யார் முகத்தில் முழிப்பது?

மாமா

ஆகஸ்ட் 8

அன்புள்ள மாமாவுக்கு,

மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா? அத்தையைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

பார்சல் வந்தது. மற்றவர்கள் வருமுன் பட்டறையைத் திறந்து நானே பிரித்தேன். பழைய பட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டேன். செத்த பெல்ட்டை முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பூட்டின் வாய்க்குள் துரு, அதைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தேன். வெண்ணெய் நிறத்திலேயே புதுப் பட்டை கிடைத்தது. தைத்து, இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தோம். அசையவில்லை. பக்கத்து சீட்டுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும். "யார் வண்டி?" என்றார் மேஸ்திரி. "ஒரு வாடிக்கையாளர்" என்றேன்.

"தாத்தா ஓட்டத் தயங்குகிறார்" என்று மட்டும் வாலுவிடம் சொன்னேன். "தாத்தா ஓட்டலன்னா நான் நடந்தே மண்டபத்துக்கு வரேன், மேக்கப் கலைஞ்சா அவர்தான் பொறுப்பு" என்கிறாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லட்டுமா? நீங்கள் சரி என்றால்தான் வாயைத் திறப்பேன். இந்தத் தடவை என்னை நம்பலாம்.

மருமகள்

ஆகஸ்ட் 20

அன்பு மருமகளுக்கு,

சுகம். மாத்திரை ஓடுகிறது.

இரண்டு பெல்ட்டும் மாட்டியாயிற்று. பூட்டுகிற சத்தமே கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

வாலுவிடம் சொல்லாதே. தாத்தா என்றால் அவள் மனதில் ஒரு ஆள் இருக்கிறான், அவன் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நானே ஓட்டுகிறேன். அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். மண்டபம் என்ன தூரமா? எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவேன்.

மாமா

செப்டம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வாலுவும் மாப்பிள்ளையும் நாளை வருகிறார்கள். கல்யாணக் களைப்பு தீர்ந்ததா? அத்தை காலைத் தொங்கப்போடாமல் உட்காரச் சொல்லுங்கள்.

அன்றைக்கு மண்டபத்து வாசலில் நின்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேரம் ஆகிக்கொண்டே போகிறது, பெண்ணைக் காணோம். உங்கள் வண்டி தெருமுனையில் திரும்பி வந்ததும்தான் மூச்சு வந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள், உங்கள் உடையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பஞ்சர்தான் என்று கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஞ்சருக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள் வண்டியின் அளவில் டயர் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. இங்கே ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன்.

மருமகள்

அக்டோபர் 6

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம். டயர் அனுப்பாதே. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஞ்சர் என்று மண்டபத்தில் சொன்னது உன் மகள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். மற்றவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். உனக்கு மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. தண்ணீர் குடிக்கவில்லை, மாத்திரை போட்டிருந்தேன், இருந்தும் வந்துவிட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன் மகள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவள், "என்ன தாத்தா, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள். என்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்வதாக வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அது வரவில்லை. "அவசரமா ஒண்ணுக்குப் போகணும்மா. என்னால அடக்க முடியாது. இது எனக்கு ஒரு வியாதி" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்ய, இதுக்கா? ஓரமா நிறுத்துங்க" என்றாள். வலப்பக்கம் பள்ளிக்கூட மதிலோரமாக நிறுத்தினேன். அவசரத்தில் எனக்குப் பூட்டு அகப்படவில்லை. அவள்தான் குனிந்து அமுக்கிவிட்டாள். நான் இறங்குவதற்குள் அவள் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவை அகலத் திறந்து, அதை ஒட்டி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நீ பார்த்துப் பார்த்துத் தைத்த கல்யாண உடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பள்ளிக்கூட மதிலைப் பார்த்து நின்றேன். பின்னால் நம் சொந்தக்காரர்கள் வண்டியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தன. பெண் அழைக்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கி வந்தார் போலிருக்கிறது. "கிட்ட வராதீங்க, பஞ்சர்தான்!" என்று கத்தினாள். "ஜாக்கி இருக்காம்மா? நான் வேணா வரட்டா?" என்று அவர் கேட்டாராம். "வேணாம், தாத்தாவுக்கு மத்தவங்க வண்டியைத் தொட்டா பிடிக்காது!" என்றாள். அந்தப் பக்கம் ஒரு ஊரே நிற்கிறது, இந்தப் பக்கம் நான் மதிலோடு நிற்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். காது மந்தமானதற்கு அன்றுதான் சந்தோஷப்பட்டேன், ஆனால் அவள் குரல் மட்டும் நன்றாகக் கேட்டது.

திரும்பி உட்கார்ந்ததும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, கண்ணாடியை இழுத்து வைத்துக் கண் மையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "போலாம் தாத்தா. அம்மா கேட்டா பஞ்சர்" என்றாள். உன்னிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நேற்று எனக்கு ஒரு புது ஜாக்கி அனுப்பியிருக்கிறார். என்ன பதில் எழுதுவது என்று உன் அத்தையும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு வெட்கம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதும் காதெல்லாம் சுடுகிறது. ஆனால் மண்டபம் வரை நான்தான் ஓட்டினேன்.

எல்லோருக்கும் ஆசியுடன்,
மாமா